சுங்கை சிப்புட்டிலிருந்து: நாலு ரவுண்டு, 1,200 வெள்ளி (ரிங்கிட்), புரோ ஆகலாமா?

அறுபது_கிலோ | திங்கள், இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கம். வயது 24. பதினாறு வயதில் குத்துச்சண்டை பழக ஆரம்பித்தேன். எங்கள் தோட்டத்தில் லயங்களை உடைத்த பிறகும் பழைய பாலர் பள்ளிக் கட்டடம் மட்டும் நின்றது. லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மாலையில் அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். உரச்சாக்கில் கந்தல் துணியை அடைத்து விட்டத்தில் கட்டியதுதான் எங்கள் முதல் மூட்டை. இன்றுவரை அவர்தான் என் கோச்.

அமெச்சூரில் 11 சண்டை. 7 வெற்றி, 4 தோல்வி. மாநிலத் தேர்வுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் இரண்டாவது ஆளாக நின்றேன். சுக்மா (மாநிலங்களுக்கு இடையிலான மலேசிய விளையாட்டுப் போட்டி) வயதும் தாண்டிவிட்டது. கடந்த இரண்டு வருடமாக 'ஷோ' சண்டைகள் ஐந்து போட்டிருக்கிறேன். ஃபுட்சால் கோர்ட்டிலும் மண்டபத்திலும் ரிங் கட்டி நடத்துவார்களே, அதுதான். லைசன்ஸும் இல்லை, பதிவும் இல்லை. ஜெயித்தால் கையில் 300, 400 வெள்ளி.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு மேட்ச்மேக்கர், அதாவது சண்டைக்கு ஜோடி சேர்ப்பவர், கூப்பிட்டார். புரோ (தொழில்முறை) நிகழ்ச்சி, நாலு ரவுண்டு, 63.5 கிலோ, இன்னும் 19 நாள் இருக்கிறது. 1,200 வெள்ளி. ஃபேக்டரியில் என் அடிப்படைச் சம்பளமே 1,700தான். ஒரே இரவில் 1,200 என்றதும் அன்று தூக்கம் வரவில்லை.

கோச்சிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

போகலாமா? ஒரு தடவை புரோ ஆகிவிட்டால் அமெச்சூருக்குத் திரும்பவே முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்காரன் | திங்கள், நள்ளிரவு 12.20

போ தம்பி. எனக்கு 22 வயதில் இதே மாதிரி ஒரு அழைப்பு வந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. இப்போது 36. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது ஜிம் வாசலில் மோட்டாரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பேன்.

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவோ மத்தீசேவோடு 2018இல் புக்கிட் ஜாலில் ஆக்ஸியாட்டா அரங்கில் மோதியபோது நான் மேலே கடைசி வரிசையில் இருந்தேன். ஏழாவது ரவுண்டில் முடித்தார். அந்த மாதிரி ஒரு மேடையில் நம் தோட்டத்துப் பையன் ஏற வேண்டாமா?

நாலு_ரவுண்டு | செவ்வாய், காலை 6.40

நான் புரோவில் ஒன்பது சண்டை போட்டவன். 4 வெற்றி, 5 தோல்வி. அதனால் கேட்கிறேன். இதற்கெல்லாம் பதில் எழுது தம்பி, அப்புறம் பேசுவோம்.

உன் எதிராளி யார், அவன் ரெக்கார்டு என்ன? டயட் எதுவும் இல்லாமல் இன்று காலை உன் எடை எவ்வளவு? எடை எடுப்பது சண்டை நாளிலா, முந்தின நாளிலா? 19 நாளில் ஏன் ஆள் தேடுகிறார்கள்? அன்றைக்கு உன் கார்னரில், ரவுண்டுக்கு நடுவில் உன்னைக் கவனிக்க, யார் நிற்பார்கள்?

அறுபது_கிலோ | செவ்வாய், மாலை 4.15

நன்றி அண்ணே. எதிராளி அந்த நிகழ்ச்சி நடத்துபவருடைய ஜிம் பையன். ஐந்து சண்டை, ஐந்தும் வெற்றி, அதில் நாலு நாக்அவுட். முதலில் ஒப்புக்கொண்டவருக்குக் கை உடைந்துவிட்டதாம், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். இன்று காலை என் எடை 60.8. எடை முந்தின நாள் மதியம். கார்னருக்கு அவர்களே ஆள் தருகிறார்களாம், கோச் வந்தால் பஸ் செலவு தரமாட்டார்களாம்.

நாலு_ரவுண்டு | செவ்வாய், இரவு 9.05

சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் எடை. அமெச்சூரில் சண்டை நாள் காலையில் எடை எடுத்துவிட்டு அன்றே ரிங் ஏறுவாய். அதனால் தராசில் இருந்த ஆள்தான் ரிங்கிலும் இருப்பான். புரோவில் முந்தின நாளே எடை முடிந்துவிடும். அந்தப் பையன் தண்ணீரை வற்றவைத்து 63.5 காட்டிவிட்டு, மறுநாள் இரவுக்குள் குடித்துத் தின்று 67, 68க்கு ஏறி வருவான். நீ சாப்பிட்டுவிட்டுப் போய் தராசில் நின்றாலும் 61தான். ஆறேழு கிலோ வித்தியாசம். ஒரு சின்ன அரிசிப் பையைத் தூக்கிப் பார், எவ்வளவு என்று கைக்குத் தெரியும்.

அடுத்தது கையுறை. உன் எடையில் அமெச்சூரில் 10 அவுன்ஸ். புரோவில் 66.7 கிலோ வரைக்கும் 8 அவுன்ஸ்தான். 280 கிராம் இருந்த கையுறை 230க்குக் கிட்டே வந்துவிடுகிறது. உள்ளே கையில் சுற்றும் கட்டும் வேறு மாதிரி. நீ இதுவரை சுற்றியது துணிப்பட்டி. புரோவில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மடித்து முட்டி மேல் அடுக்கி, டேப் போட்டு இறுக்குவார்கள். என் முதல் சண்டையில் கட்டி முடித்ததும் முட்டியை மேசையில் தட்டிப் பார்த்தேன். மரக்கட்டை சத்தம் கேட்டது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிரில் இருப்பவன் கையிலும் அதே கட்டுதான் என்பது முதல் ரவுண்டில் விலாவில் வாங்கியபோதுதான் உறைத்தது.

மூன்று ரவுண்டு, நாலு ரவுண்டு, மூன்று நிமிடம்தானே அதிகம் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். அமெச்சூரில் ஒன்பது நிமிடமும் ஓட்டம்தான், ஓடிக்கொண்டே புள்ளி எடுக்கலாம். புரோவில் அவசரமே இல்லாமல் வயிற்றில் வைப்பார்கள். மூன்றாவது ரவுண்டில் கை தானாக இறங்கும், நாலாவதில் தலைக்கு வருவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். வீரர்களின் சண்டைக் கணக்கைப் பதிந்துவைக்கும் பாக்ஸ்ரெக் தளத்தில் அவன் தோற்கடித்த ஐந்து பேரின் பெயரையும் தட்டிப் பார். அந்த ஐந்து பேரும் எத்தனை சண்டை ஜெயித்திருக்கிறார்கள் என்று எண்ணு. எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் நீயே பார். ரெக்கார்டு கட்டுவது என்பார்கள் இதை. அவன் மேல் காசு போட்டிருக்கிறார்கள், அவனுக்கு ஆறாவது வெற்றி தேவை. இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை, எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஆனால் உன்னிடம் வந்து 'புரோ ஆகலாம்' என்று சொன்னவர், அந்த இரவு நீ எந்தக் கார்னரில் உட்காரப்போகிறாய் என்பதைச் சொல்லவில்லை.

பணக்கணக்கும் பார்த்துவிடு. ரத்தப் பரிசோதனை, கண், தலை ஸ்கேன் எல்லாம் யார் செலவு? உன் செலவு என்றால் 1,200இல் பாதி அங்கேயே போய்விடும். இரண்டு நாள் சம்பளம் இல்லாத லீவு. மேலாளர் என்று யாராவது ஒட்டிக்கொண்டால் வழக்கமாக மூன்றில் ஒரு பங்குவரை கேட்பார், பயிற்றுநருக்குப் பத்து விழுக்காடு. உன் விபத்துக் காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் படி. தொழில்முறை விளையாட்டுக்குப் பணம் கிடையாது என்று பல காப்பீடுகளில் ஒரு வரி இருக்கும்.

கிள்ளான்காரன் | செவ்வாய், இரவு 9.48

அண்ணே சொல்வது எல்லாம் சரி. ஆனால் எல்லாருமே இப்படி யோசித்தால் நம் பையன்கள் எப்போதுதான் ஆரம்பிப்பது? பெரிய ஜிம், பணக்கார ஆதரவாளர் எல்லாம் நமக்கு எங்கே இருக்கிறது? வெளி ஆளாகப் போய் ஜெயித்து வந்தவர்களும் உலகத்தில் உண்டு.

நாலு_ரவுண்டு | செவ்வாய், இரவு 10.10

உண்டு தம்பி. நானே இரண்டு தடவை அப்படி ஜெயித்தேன். ஆனால் அந்த இரண்டும் என் எடையில், ஆறு வாரத் தயாரிப்போடு, என் ஆள் கார்னரில் இருக்க நடந்தவை. பத்து நாள் இடைவெளியில் ஒப்புக்கொண்ட சண்டைகளில் ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை.

பழைய_ஜாப் | புதன், காலை 8.30

எனக்கு 61 வயது. எண்பதுகளில் மாநிலத்துக்கு ஆடியவன், அப்புறம் இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் அப்பா பால் மரம் சீவியவர். 1975இல் முகமது அலி மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு பதினைந்து ரவுண்டு ஆடினாரே, அதைப் பற்றி மறுநாள் பேப்பரில் வந்ததைத் தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) வீட்டு வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, ஒரு லயமே நின்று கேட்டதாம். அப்பா அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குக் கையுறை வாங்கித் தந்தார். ஆகவே இந்த ஆசை எனக்கு அந்நியமில்லை.

திரும்ப முடியுமா என்று கேட்டாயே. முன்பு கதவு அடியோடு சாத்தியிருந்தது. 2016 ரியோவில்தான் முதன்முதலாகப் புரோக்களை ஒலிம்பிக்கில் விட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள், ஒருவருக்கும் பதக்கம் இல்லை. அதில் ஒருவர் நம் பக்கத்து நாட்டுக்காரர், தாய்லாந்தின் அம்னாட் ருயன்ரோங். சிறையில் இருந்தபோது குத்துச்சண்டை பழகி, 50.8 கிலோவில் உலகப் பட்டம் வரை போனவர். ரியோவில் 60 கிலோவில் ஆடினார். இரண்டாவது சண்டையில் பிரெஞ்சுப் பையன் ஒருவனிடம் தாக்குப்பிடிக்க முடியாமல் நிறுத்தப்பட்டார். உலகச் சாம்பியனாக இருந்தவருக்கே எடை ஏறிப் போனால் இதுதான் நிலைமை. அதை மனதில் வை. கதவு இப்போது திறந்திருந்தாலும் உள்ளே விடுவதா இல்லையா என்பதை அந்தந்த நாட்டுச் சங்கம்தான் சொல்லும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாநிலச் சங்கத்தில் நேரில் போய்க் கேள்.

அமெச்சூரில் எதிர்காலம் இல்லை என்று நினைக்காதே. 2028 லாஸ் ஏஞ்சலஸில் குத்துச்சண்டை இருக்குமா என்று ரொம்ப நாள் இழுபறியாக இருந்தது. 2025 மார்ச்சில் உறுதியாகிவிட்டது. 1998 காமன்வெல்த்தில் நம் நாட்டுச் சாப்போக் பிக்கி 48 கிலோவில் தங்கம் வாங்கியபோது நான் அரங்கத்திலேயே அழுதேன். அவரும் நம் மாதிரி சின்ன ஆள்தான்.

இன்னொன்று. உன் கோச் முகத்தைத் திருப்பியதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாயோ என்று தோன்றுகிறது. போய் உட்கார்ந்து பேசு. "எப்போது துண்டு வீசுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். ஆள் தாங்கமாட்டான் என்று தெரிந்ததும் துண்டை வீசிச் சண்டையை நிறுத்துவது, கார்னரில் நிற்பவரின் உண்மையான வேலை அதுதான். அந்தப் பக்கத்து ஜிம் தரும் ஆள், உன் பெயரை மத்தியானம்தான் கேள்விப்பட்டவர், தன் முதலாளியின் பையன் நாக்அவுட் தேடும் நேரத்தில் உனக்காகத் துண்டு வீசுவாரா?

வார்டு_அக்கா | புதன், மாலை 3.20

நான் அவசரப் பிரிவில் தாதி. சண்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஐந்து ஷோ சண்டைகளில் எப்போதாவது கீழே விழுந்தாயா தம்பி? கடைசியாக எப்போது?

அறுபது_கிலோ | புதன், இரவு 11.30

அக்கா, இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசி ஷோ நடந்து நாலு வாரம் ஆகிறது. இரண்டாவது ரவுண்டில் இரண்டு தடவை விழுந்தேன். எழுந்து ஆடி, மூன்றாவதில் நான்தான் ஜெயித்தேன். மூன்றாவது ரவுண்டு எனக்கு ஞாபகம் இல்லை, நண்பன் கைப்பேசியில் பிடித்த வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு வாரம் இரவு ஷிப்டில் ஃபேக்டரி விளக்கு கண்ணைக் குத்தியது. ஒரு நாள் பேங்கு மிஷின் முன்னால் நின்றேன், நாலு வருடமாக அடிக்கும் ரகசிய எண் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் ஞாபகம் வந்தது. நாலாவது நாளே பயிற்சிச் சண்டை போட்டேன். கோச்சுக்கு அந்த ஷோ பற்றியே தெரியாது.

வார்டு_அக்கா | வியாழன், காலை 5.50

ஷிப்டு முடிந்ததும் எழுதுகிறேன். இன்று, இன்றைக்கே, ஆஸ்பத்திரிக்குப் போ. உங்கள் ஊரிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி. எனக்கு எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல். ஞாபகம் போனது, வெளிச்சம் தாங்காதது, ரகசிய எண் மறந்தது, ஒன்றையும் விடாதே. ஜெயித்தேன் என்பதை முதலில் சொல்லாதே, விழுந்ததை முதலில் சொல்.

நீ சொல்வது மூளை அதிர்ச்சியின் அறிகுறி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே அது இருக்கலாம். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், சாதாரண அடியாக இருந்தாலும் மூளை வீங்கிவிடும் ஆபத்து உண்டு. உடம்பில் தண்ணீரை வற்றவைத்து எடை குறைத்துக்கொண்டு போவது அதைவிட மோசம். தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், பேச்சு குழறினால், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால், அன்றைக்கு அவசரப் பிரிவுக்கே வர வேண்டும். தனியாக மோட்டார் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது.

பயிற்சிச் சண்டை, மூட்டை குத்துவது, எல்லாம் நிறுத்து. அம்மாவிடம் சொல். இரவில் உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நாலு_ரவுண்டு | வியாழன், காலை 7.15

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம். முறையான புரோ சண்டையில் தலையில் அடிபட்டு நிறுத்தப்பட்டால், பல நாடுகளில் குறைந்தது 30 நாள் ரிங் ஏற விடமாட்டார்கள். நாக்அவுட் என்றால் இன்னும் நீளும். ஷோவில் நீ விழுந்ததை எழுதிவைக்க ஆளே இல்லை. அதனால் சண்டைக்கு முன்னால் டாக்டர் உன் தாளைப் பார்த்தால் அது சுத்தமாக இருக்கும். முதல் புரோ சண்டை, ஒரு காயமும் இல்லாத பையன் என்று விட்டுவிடுவார்.

கிள்ளான்காரன் | வியாழன், காலை 7.40

தம்பி, நான் திங்கட்கிழமை 'போ' என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சண்டைக்குப் போகாதே.

ஊர்_மேடை | வியாழன், மதியம் 1.05

நான் வேறு ஊரில் இந்த மாதிரி ஷோ நடத்துபவன். எங்களைத் திட்டுவது புரிகிறது. ஆனால் நடப்பதையும் பாருங்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைக் குண்டர் கும்பல்காரன் மாலை ஆறு மணிக்கு ஒட்டுக்கடையில் காத்திருந்து கூப்பிடுகிறான். என் ஜிம்மில் அதே ஆறு மணிக்கு இருபது பேர் கயிறு தாண்டுகிறார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு அமெச்சூர் போட்டிதான் கிடைக்கிறது, அதற்கும் வேன் வாடகை, தங்கும் செலவு. பையனுக்கு மேடை காட்டவில்லை என்றால் மூன்றே மாதத்தில் போய்விடுவான்.

பழைய_ஜாப் | வியாழன், மதியம் 2.30

ஐயா, உங்கள் வேலையை நான் மதிக்கிறேன். அந்த இருபது பேரும் எனக்கும் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு டாக்டர், வாசலில் ஒரு ஆம்புலன்ஸ், விழுந்தவன் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம், இதெல்லாம் இல்லாமல் மணி அடிக்கக் கூடாது. 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி கிளப்பைப் பதிவு செய்யுங்கள், மாநிலச் சங்கத்தோடு சேர்த்து நடத்துங்கள். தாளை நிரப்ப நான் வந்து உதவுகிறேன். தனி மடலில் எழுதுங்கள்.

1982இல் கொரியாவின் கிம் டுக் கூ, ரே மன்சினியோடு பதினாலு ரவுண்டு ஆடி விழுந்தார், நாலு நாளில் இறந்தார். அந்தச் சண்டைக்கு எடையை எட்ட அவர் பட்ட பாடு பெரிது. அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகளைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டு ரவுண்டாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். டாக்டரும் கேமராவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில் நடந்தது அது.

ஊர்_மேடை | வியாழன், இரவு 8.50

சரி ஐயா. அடுத்த மாத ஷோவைத் தள்ளிவைக்கிறேன். மடல் அனுப்பியிருக்கிறேன்.

அறுபது_கிலோ | பத்து நாள் கழித்து, ஞாயிறு மாலை 5.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். டாக்டர் கைப்பேசித் திரையையும் அதிகம் பார்க்க வேண்டாம் என்றார்.

வியாழனே போனேன் அக்கா. இங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ஆனால் சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு இரண்டுதான் வந்தது. முழு ஓய்வு. மறுபடி பார்த்துவிட்டுத்தான் ஓடவே விடுவார்களாம், தலையில் அடி வாங்குவதைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

மேட்ச்மேக்கருக்குப் போன் செய்தேன். முடியாது என்றதும் 1,500 என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அதை யாரிடமும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன்" என்றார். அண்ணே சொன்னபடி அந்த ஐந்து பேரையும் தேடிப் பார்த்தேன். ஐந்து பேரும் சேர்ந்து ஜெயித்தது மூன்று சண்டை.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை. இரவில் இரண்டு தடவை எழுப்பிப் பெயர் கேட்டார்.

கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஷோவில் விழுந்தது உட்பட. துண்டு எப்போது வீசுவீர்கள் என்று கேட்டேன். "உன் கை இறங்கும் முன்னாலேயே வீசியிருப்பேன், அதனால்தான் அந்த ஷோவைப் பற்றி என்னிடம் சொல்லாமல் போனாய்" என்றார். அன்றைக்கு ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். வேண்டாம் என்றால் வேறு ஜிம்முக்குப் போய் அங்கிருந்து ஏறிவிடுவாய், அப்போது கார்னரில் யார் நிற்பது என்று கேட்டார். பஸ் காசை அவரே போட்டு வருவதாக இருந்தாராம், எனக்குத் தெரியாது.

புரோ ஆசை போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். டாக்டர் விட்டால் 60 கிலோவில் மாநில ஓபனுக்கு மறுபடி பெயர் கொடுப்பேன். கோச்சும் டாக்டரும் இரண்டு பேரும் சரி என்றால் மட்டும் அப்புறம் புரோ பேச்சு, அதுவும் 59க்குள்.

இப்போதைக்கு மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வைப்பது சொல்லிக்கொடுக்கிறேன். விழுந்தவன் பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் என் பெயரையும் அந்த ஷோவின் தேதியையும் எழுதி கோச்சிடம் கொடுத்தேன்.

வார்டு_அக்கா | ஞாயிறு, இரவு 7.00

அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ மறப்பதை அவர் சொல்வார்.

நாலு_ரவுண்டு | ஞாயிறு, இரவு 9.25

நான் இருப்பது தாப்பாவில். டாக்டர் தாள் கொடுத்த பிறகு, முதல் ஒரு மாதம் தலையில் படாமல் உடம்புக்கு மட்டும் விளையாட ஆள் வேண்டும் என்றால் சொல். சனிக்கிழமை காலையில் வருவேன். எனக்கு இப்போது 66 கிலோ, ஆனால் கை மெதுவாகத்தான் வரும். கோச் எந்த நேரம் திறப்பார்?

அறுபது_கிலோ | ஞாயிறு, இரவு 9.31

ஏழரைக்கு அண்ணே. வெளியே வேப்பமரத்தடியில் மோட்டாரை நிறுத்தலாம்.